சாமி பேரைச் சொல்லி வேலையை மறுக்கலாமா?

ஓம் சரவணபவ.

கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூச நேரத்துல நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு வேலை இடத்துல இந்தப் பிரச்சனை வரும். அதனால நேரம் இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். வழக்கமா நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு தம்பி பக்கத்துல வந்து நின்னான். இருபத்து மூணு வயசு இருக்கும். "அங்கிள், கோயில் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வேணும்"னு கேட்டான்.

என்னன்னு விசாரிச்சேன். ஃபிரோஸன் உணவு செய்யுற ஒரு கம்பெனியில ரெண்டு வருஷமா கோழி பகுதியில வேலை. இப்ப பர்கருக்கு மாட்டிறைச்சி அரைக்கிற புது லைன் திறந்திருக்காங்க. அங்க மாத்திட்டாங்க. இவன் முடியாதுன்னு சொல்லிட்டான். ஏன் மறுத்தேன்னு மூணு நாளைக்குள்ள எழுதிக் குடுன்னு கம்பெனி கடிதம் குடுத்திருக்கு. அதோட சேர்த்து வைக்க கோயில்லேர்ந்து ஒரு கடிதம் வேணுமாம்.

நிர்வாகத்துல சொன்னேன். ஒருத்தர், "இதுல என்ன யோசனை, நம்ம சமயத்தைக் காப்பாத்த எழுதிக் குடுங்க"ன்னார். இன்னொருத்தர், "சம்பளம் வாங்குறான்ல, சொன்ன வேலையைச் செய்யணும். இந்தியாவுலேர்ந்து வர்ற ஃபிரோஸன் இறைச்சி எருமைதான், பசு இல்ல"ன்னார். கடைசியில, "நீங்கதான் சூப்பர்வைசர், நீங்களே எழுதுங்க"ன்னு என் தலையில கட்டிட்டாங்க.

எழுத உக்காந்தா கை ஓடல. ரெண்டு ராத்திரி யோசிச்சேன். முப்பது வருஷமா ஃபேக்டரியில இருக்கேன். வேலையை மறுத்தவங்களையும் பார்த்திருக்கேன், மறுக்கவே முடியாதபடி உத்தரவு போட்டும் இருக்கேன். முதல்ல என் தப்பைச் சொல்றேன்.

நான் புதுசா சூப்பர்வைசர் ஆன நேரம். அப்ப இருந்தது வேற கம்பெனி. வெளிநாட்டுலேர்ந்து வாடிக்கையாளர் பார்வையிட வர்றாங்கன்னு மேல இருந்து ஒரு உத்தரவு: லைன்ல இருக்கிற பொண்ணுங்க யாரும் பொட்டு வைக்கக்கூடாது, கையில கயிறு கட்டக்கூடாது, நெத்தியில விபூதி இருக்கக்கூடாது. சிப் செய்யுற கிளீன்ரூம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு தூசி விழுந்தாலும் பொருள் கெட்டுப் போகும். அங்க வேலை செய்யுற நம்ம பிள்ளைங்க வீட்டுல சாமி கும்பிட்டு விபூதி பூசிட்டு வந்து, உள்ள போறதுக்கு முன்னால முகம் கழுவிட்டுத்தான் அந்த வெள்ளை உடுப்பைப் போடுவாங்க. அதுல யாருக்கும் மனக்குறை கிடையாது. ஆனா எங்களுது சாதாரண பேக்கிங் லைன். பெட்டியில பொருளை அடுக்கி டேப் ஒட்டுற வேலை. பொட்டு வச்சா என்ன குறைஞ்சிடும்? நானும் கேள்வி கேக்கல. மேல சொன்னதை அப்படியே கீழ சொன்னேன்.

தோட்டத்துலேர்ந்து கம்பெனி பஸ்ல வர்ற ஒரு அக்கா, என்னைவிட மூத்தவங்க. "எடுக்க மாட்டேன் தம்பி, வேணும்னா இன்னிக்கு சம்பளத்தை வெட்டிக்குங்க"ன்னு சொல்லிட்டு பையை எடுத்துக்கிட்டு கேட் பக்கம் போய் உக்காந்துட்டாங்க. சாயங்காலம் பஸ் வர்ற வரைக்கும் அங்கேயே இருந்தாங்க. வாடிக்கையாளர் வந்து பத்து நிமிஷம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டாரு. யாரு நெத்தியையும் அவரு பார்க்கல. அந்த அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம் போனது போனதுதான். நானும் அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கல. அவங்க இப்ப இல்ல. கந்தன் சன்னதியில நிக்கும்போது எப்பவாவது ஞாபகம் வரும்.

கொஞ்ச வருஷம் கழிச்சு என் மகன் பள்ளிக்கூடத்துக்காக வேலூர் கலகத்தைப் பத்தி படிச்சிட்டு எனக்கு விளக்கிச் சொன்னான். கேட்டதும் அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது. தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன்.

1805 கடைசியில சென்னை ராணுவத்தோட தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்கு உடுப்பு விதி மாத்தினார். சமயச் சின்னம் நெத்தியில இருக்கக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது. அப்புறம் தோல் வச்சு செஞ்ச புதுத் தலைப்பாகை வந்தது. தோல் மாட்டுத்தோலா பன்னித்தோலாங்கிற சந்தேகத்துல இந்து சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் ரெண்டு பேருக்குமே மனசு ஒப்பல. 1806 மே மாசம் வேலூர்ல சில சிப்பாய்கள் தலைப்பாகையைப் போட மாட்டோம்னு மறுத்தாங்க. அவங்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரிச்சாங்க. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 900 கசையடி. இன்னும் 19 பேருக்கு 500 கசையடின்னு தீர்ப்பு. மன்னிப்பு கேட்டதால அவங்களை விட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, ஜூலை 10 விடியக்காலையில வேலூர்க் கோட்டையில கலகம் வெடிச்சது. ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல செத்தாங்க. கலகத்துக்கு வேற காரணங்களும் இருந்தது. திப்பு சுல்தானோட பிள்ளைங்களை அந்தக் கோட்டையிலதான் வச்சிருந்தாங்க. ஆனா நெருப்பு பத்துனது தலைப்பாகையில. அப்புறம் அந்த உத்தரவையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. தளபதி கிரடாக், கவர்னர் பென்டிங்க் ரெண்டு பேரையும் லண்டன் திருப்பி அழைச்சுக்கிச்சு.

இதை நான் சொல்றது சண்டை போடச் சொல்லி இல்ல. அந்தச் சிப்பாய்கள் சுடுறதுக்கோ காவல் நிக்கறதுக்கோ மறுக்கல. வேலைக்கு எந்த விதத்துலயும் தேவைப்படாத, மனுஷனோட உள்ளத்தைக் குத்துற ஒண்ணைத்தான் மறுத்தாங்க. தாடி இருந்தா துப்பாக்கி சுடாதா? பொட்டு இருந்தா டேப் ஒட்டாதா? இந்த மாதிரி இடத்துல வளைய வேண்டியது உத்தரவுதான், தொழிலாளி இல்ல. இதை அன்னிக்கே நான் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. சூப்பர்வைசர் நாற்காலி புதுசு, அதான்.

இப்ப மறுபக்கம்.

ஒரு வருஷம் ஸ்டோர்ல வேலை பார்த்த தம்பி தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம். "சேஃப்டி ஷூ போட மாட்டேன், வெறுங்கால்லதான் இருப்பேன்"னு வந்து நின்னான். அந்த இடத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓடும், மேல ஒரு டன் பெலெட் இருக்கும். "ஷூ இல்லாம உள்ள கால் வைக்காதே"ன்னேன். "நீங்களும் கோயில் ஆளுதானே அங்கிள், உங்களுக்கே தெரியலையா"ன்னு கேட்டான். குத்துனது உண்மை. ஆனா நான் விடல. 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு உடுப்பைப் போடுறது தொழிலாளியோட கடமைன்னு தெளிவா சொல்லுது. சட்டத்தை விடுங்க. கால் நசுங்கிட்டா அவங்கம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன பையன் மனசு என்ன ஆகும்?

சிலர் கேப்பீங்க, தலைப்பாகை கட்டுன சீக்கியருக்கு மோட்டார்சைக்கிள்ல ஹெல்மெட் வேண்டாம்னு நம்ம நாட்டுலயே விலக்கு இருக்கே, நமக்கு மட்டும் ஏன் இல்லன்னு. நியாயமான கேள்விதான். ஆனா அது அரசாங்கம் யோசிச்சு எழுத்துல குடுத்த விலக்கு. ஒவ்வொருத்தரும் கேட்ல நின்னு தானா எடுத்துக்கிட்டது இல்ல. அதோட, தலைப்பாகை அவங்களுக்கு வாழ்நாள் முழுக்க உள்ள அடையாளம். நம்ம வெறுங்கால் நாமே ஏத்துக்கிட்ட விரதம். நாம ஏத்துக்கிட்டதை எப்படி நடத்துறதுன்னு நம்ம பெரியவங்களையே கேட்டுக்கலாம்.

அதைத்தான் செஞ்சோம். என் உத்தரவால அந்தப் பிரச்சனை தீரல. அவனுக்கு மாலை போட்ட குருசாமிதான் தீர்த்து வச்சார். "தொழில் செய்யுற இடத்துல ஷூவைப் போட்டுக்கோ, வெளிய வந்ததும் கழட்டிடு, சாமி கோவிச்சுக்க மாட்டாரு"ன்னு ரெண்டு வரி சொன்னார். மறுநாளே ஷூவோட வந்தான். நான் சட்டம் பேசி ஆகாதது பெரியவர் ஒரு வார்த்தையில ஆச்சு. விரதம் போட்டு விடுற குருசாமிமார், அர்ச்சகர்மார் இதைக் கவனிக்கணும். மாலை போடும்போதே "நீ என்ன வேலை செய்யுறே"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பாதி தகராறு அங்கேயே முடிஞ்சிடும்.

மூணாவது வகை ஒண்ணு இருக்கு. நாம மறுக்கற வேலையை வேற ஒருத்தர் செய்ய முடியும்ங்கிற நிலைமை. தம்பியோட மாட்டிறைச்சி விஷயம் இதுதான். இங்கதான் சூப்பர்வைசருக்கு வேலை இருக்கு.

எங்க பக்கத்து லைன் சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரர். புவாசா மாசத்துல நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவரு ஆளுங்க எழுந்து போவாங்க. அந்த இருபது நிமிஷம் ரெண்டு லைனையும் நானும் என் ஆளுங்களும் பார்த்துப்போம். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி என் ஆளுங்க பால்குடத்துக்குப் போகணும்னா, அவரு தன் ஆளுங்களை எனக்குக் குடுப்பார். எழுத்துல ஒண்ணும் கிடையாது, பல வருஷமா நடக்குது. ஒரு தடவை எங்க ஆளுங்க கொஞ்சம் முகம் சுளிச்சாங்க. "தைப்பூசத்தன்னிக்கு உங்க இடத்துல யாரு நின்னா?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் பேச்சில்ல.

இதே பிரச்சனை அமெரிக்காவுல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. பென்சில்வேனியாவுல ஜெரால்ட் குரோஃப்னு ஒரு தபால்காரர், கிறிஸ்தவர். ஞாயிறு கடவுளோட நாள், அன்னிக்கு பார்சல் கொண்டு போக மாட்டேன்னு மறுத்தார். தண்டனை மேல தண்டனை வந்து 2019ல வேலையை விட்டார். 2023 ஜூன் 29ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே மாதிரி தீர்ப்பு சொன்னாங்க: சின்னத் தொந்தரவைக் காரணம் காட்டி முதலாளி தட்டிக் கழிக்க முடியாது, தொழிலுக்கே பெரிய சுமைன்னு காட்டினாத்தான் மறுக்கலாம். வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி கீழ்க் கோர்ட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிச்சிருக்கு. ஆனா அவரு வராத ஞாயிறெல்லாம் மத்த தபால்காரர்கள்தான் ஓடினாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல? நம்ம கெடாவுல பாருங்க, ஓய்வு நாள் வெள்ளி, சனி. ஞாயிறு வேலை நாள். சர்ச்சுக்குப் போற நம்ம கூட்டாளிங்க இத்தனை வருஷமா எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு நாம யாராவது கேட்டிருக்கோமா? நான் கேட்டதில்ல.

நம்ம நாட்டுச் சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. கூட்டரசு அரசியலமைப்பு 11ஆம் பிரிவு எல்லாருக்கும் சமய உரிமை தருது. உடனே அதைக் காட்டி கம்பெனியோட சண்டை போடலாம்னு நினைக்காதீங்க. 2005ல விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்குல கூட்டரசு நீதிமன்றம் சொன்னது, அரசியலமைப்பு உரிமைகள் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை நேரா கட்டுப்படுத்தாதுன்னு. அது கர்ப்பமானதால வேலை போன வழக்கு, சமய வழக்கு இல்ல. ஆனா பாடம் நமக்கும் உண்டு. 2023 ஜனவரி 1லேர்ந்து வேலைவாய்ப்புச் சட்டத்துல 69F-ன்னு ஒரு பிரிவு வந்திருக்கு. வேலையிடத்துல பாகுபாடுன்னு புகார் குடுத்தா தொழிலாளர் இலாகா விசாரிச்சு உத்தரவு போடலாம். அதை மீறுனா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம். இந்தக் கதவு இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். ஆனா முதல்ல தட்ட வேண்டியது சூப்பர்வைசர் மேசையை. முதல் நாளே பணிவா சொன்னா பாதி சூப்பர்வைசர்ங்க வழி பண்ணுவாங்க. லைன் ஓட ஆரம்பிச்சப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நின்னா நானே கோவப்படுவேன்.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன். பொறுத்துக்குங்க.

போன தைப்பூசத்துக்கு மறுநாள் கோயில் டாய்லெட் எப்படி இருந்துச்சுன்னு தொண்டர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் வந்துட்டுப் போன இடம். கழுவ ஆள் கூப்பிட்டேன். "அங்கிள், மாலை இன்னும் கழட்டல", "அங்கிள், விரதம்", "நான் பூஜை சாமான்தான் தொடுவேன்". ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம், எல்லாத்துலயும் சாமி பேரு. கடைசியில ஒரு வங்காளதேசத் தொழிலாளிக்குக் காசு குடுத்து கழுவச் சொன்னோம். கூட நின்னு தண்ணி ஊத்தினது பூ கட்டிக் குடுக்கிற ஒரு பாட்டி. அவங்களும் அந்த வருஷம் பால்குடம் எடுத்தவங்கதான். உழவாரத் தொண்டு செஞ்ச அப்பர் பெருமானைக் கும்பிடுற நாம, கழுவுற வேலையைத் தீட்டுன்னு சொல்லி இன்னொரு ஏழை தலையில தள்ளுறோம். அப்புறம் கம்பெனிகிட்ட போய் "என் பக்திக்கு மரியாதை குடு"ன்னு கேக்கிறோம். எந்த முகத்தோட கேக்கிறது?

நான் கடைசியா வந்து சேர்ந்த முடிவு இதுதான். மறுக்கிறவன் அதுக்கு உண்டான கஷ்டத்தைத் தானே சுமந்தா அது பக்தி. கஷ்டத்தை வேற ஒருத்தர் முதுகுல ஏத்திட்டு தான் சுத்தமா நின்னா, அதுக்குப் பேரு வேற. அந்தப் பொட்டு அக்கா ஒரு நாள் சம்பளத்தைத் தன் கையாலயே குடுத்துட்டுப் போய் உக்காந்தாங்க. யாரையும் திட்டல, தன் வேலையை யாரு மேலயும் போடல. அவங்க பக்கம்தான் நியாயம்னு எனக்கு அந்த மௌனத்துலயே தெரிஞ்சது.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டேன். "எருமைதானேன்னு சொல்றாங்களே, என்ன சொல்றே?" "எதுன்னு எனக்குத் தெரியாது அங்கிள். அரைக்கிற சத்தத்துல கையே நடுங்குது. எங்க பாட்டி தோட்டத்துல மாடு வச்சிருந்தாங்க"ன்னான். அதுக்கு மேல அவனைச் சோதிக்க எனக்கு மனசு வரல. அடுத்த கேள்வி: "அந்த லைனுக்குப் பதிலா யாரும் விரும்பாத வேலை ஒண்ணு குடுத்தா செய்வியா?" கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "செய்வேன்"னான்.

அப்புறம்தான் கடிதம் எழுதினேன். இந்துக்கள் எல்லாரும் இதைத் தொடக்கூடாதுன்னு எழுதல. இறைச்சிக் கடையிலயும் ஹோட்டலுலயும் குடும்பத்துக்காக உழைக்கிற நம்ம ஆளுங்க இருக்காங்க, அவங்களைக் குத்தவாளி ஆக்க நான் யாரு? இவ்வளவுதான் எழுதினேன்: இந்தப் பிள்ளை எங்க கோயிலுக்குத் தவறாம வர்றவர், இந்த நம்பிக்கை அவருக்கு உண்மையானது, வேலைக்குப் பயந்து சொல்ற சாக்கு இல்ல, அதுக்குப் பதிலா வேற எந்தக் கஷ்டமான வேலை குடுத்தாலும் செய்யத் தயாரா இருக்கார், தயவு செஞ்சு பரிசீலிக்கவும். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழிச்சு பதில் வந்தது. கோல்ட் ரூம்ல பெட்டி ஏத்தி இறக்குற வேலை, ராத்திரி ஷிப்ட். புது லைனுக்குக் குடுக்கிறதா சொன்ன அலவன்ஸ் கிடையாது. "என்ன அங்கிள் செய்யலாம்?"னு கேட்டான். "கம்பெனி ஒரு படி இறங்கி வந்திருக்கு, மீதி உன் முடிவு"ன்னேன். எடுத்துக்கிட்டான். குளிர்ல உதடு வெடிச்சுப் போய் போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தான். அந்த அலவன்ஸை வெட்டுனது எனக்குச் சரியாப் படல. ஆள் வேலை செய்யத்தான் செய்யுறான். அதை அவனோட கம்பெனியில பேச எனக்கு இடமில்ல. ஆனா என் லைன்ல இப்படி ஒருத்தன் வந்து நின்னா, அவனோட சம்பளம் குறையாம பார்த்துக்கிறது என் வேலைன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

விரதம் இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை போடுற அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட தேதியைச் சொல்லிடுங்க. எது முடியாதுன்னு சொல்லும்போதே, பதிலுக்கு எதைச் செய்வேன்னும் சொல்லுங்க. மத்தவங்க பெருநாளுக்கு முதல் ஆளா கை தூக்கி ஓட்டி செய்யுங்க. கம்பெனியில சூப்பர்வைசரா, லீடரா இருக்கிற நம்ம ஆளுங்க, மேல இருந்து ஒரு உத்தரவு வந்தா "இது வேலைக்குத் தேவையா?"ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க. நான் கேக்காம விட்டது இன்னும் உறுத்துது.

இந்தத் தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு டாய்லெட் கழுவ நான் வாளி, விளக்குமாறோட நிப்பேன். மாலையோட வந்தாலும் பரவாயில்ல. அஞ்சு பேர் வந்தா போதும். வர்றவங்க கீழ பேர் போடுங்க.

எழுத்துல தப்பு இருந்தா மன்னிக்கவும். நான் எஸ்.பி.எம் வரைக்கும் படிச்சவன்.

வேலும் மயிலும் துணை.